ஒரு ஸ்பூன் சர்க்கரையும் இரண்டு குழாய்களும்

ஜூலை 4
புராஜெக்ட் தலைப்பு முடிவாகிவிட்டது: ரத்தச் சர்க்கரையை உடல் எப்படிக் கட்டுக்குள் வைக்கிறது? பத்து மாணவர்கள், ஒரு குளுக்கோமீட்டர், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் விரலில் ஒரு குத்து. வரைபடம் தானாக வந்துவிடும்.

ஜூலை 5
வரவில்லை. உயிரியல் ஆசிரியை முதல் வரியிலேயே பேனாவை மூடிவிட்டார். "யாரைக் கேட்டு விரலைக் குத்தப் போகிறாய்?" குத்தும் கருவியைப் பலர் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் பி தொற்றலாம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. போதாக்குறைக்கு, தரநிலையே மீட்டருக்கு 15 சதவீதம் விலக இடம் தருகிறது. உண்மையில் 120 இருந்தால் 102 என்றும் காட்டலாம், 138 என்றும் காட்டலாம். அதை வைத்து என்னத்தை நிரூபிப்பது?

ஜூலை 8
கோபம் தணிந்து கணக்குப் போட்டேன். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் சர்க்கரை, மொத்த ரத்தம் 5 லிட்டர் என்றால் நாலரை கிராம். ஒரு டீஸ்பூன்! இவ்வளவுதானா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். ஒருவேளைச் சாப்பாட்டில் இதைப்போலப் பல மடங்கு உள்ளே போகிறது. இன்சுலின் என்ற ஹார்மோன் அதைத் தசைக்கும் கல்லீரலுக்கும் அனுப்புகிறது. பசி நேரத்தில் குளுகான் என்ற இன்னொரு ஹார்மோன் சொன்னால், கல்லீரல் தன் சேமிப்பான கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையாகத் திருப்பித் தருகிறது.

ஜூலை 12
ஆளுக்குப் பதில் தண்ணீர்த் தொட்டி. நீர்மட்டம்தான் ரத்தச் சர்க்கரை, இயல்பு அளவுக்கு ஒரு கோடு. கீழ்க்குழாய் இன்சுலின். சாப்பாடு ஒரு குவளைத் தண்ணீர். தோழி மட்டத்தைப் பார்த்துக்கொண்டே குழாயைத் திருகியபோது கோட்டிலேயே நின்றது. 20 நொடிக்கு ஒருமுறைதான் பார்க்கலாம் என்றதும் கோட்டுக்குக் கீழே வெகுதூரம் இறங்கிவிட்டது. ஏற்ற வழியே இல்லை.

ஜூலை 13
ஆசிரியை பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே: "குளுகான் எங்கே?" அதுதான் மட்டத்தை ஏற்றும் மேல்குழாய். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லும் குளுகான் சுரக்கும் ஆல்பா செல்லும் கணையத்தின் ஒரே திட்டில் அடுத்தடுத்து இருப்பவை. 1869இல் அந்தத் திட்டுகளை முதலில் விவரித்த லாங்கர்ஹான்ஸ் அப்போது மாணவர். அவை எதற்கென்று அவருக்கே தெரியாது. எனக்குச் சற்று ஆறுதல்.

ஜூலை 15
கேள்வி இப்போது கூர்மையாகிவிட்டது: பார்ப்பதில் தாமதம் கூடக்கூட மட்டம் எவ்வளவு ஆடும்? 5, 10, 20 நொடி. ஒவ்வொன்றும் மூன்று முறை. அப்புறம் இன்சுலின் சுரக்காத டைப் 1 நீரிழிவுக்குக் கீழ்க்குழாயை மூடிவிட வேண்டும். சர்க்கரை 180ஐத் தாண்டும்போது சிறுநீரில் இறங்கத் தொடங்குமே, அதற்கும் ஒரு ஓட்டை வேண்டும். ஆணியைச் சூடாக்கிப் போட்டேன், 160இல் விழுந்துவிட்டது. டேப் ஒட்டியிருக்கிறேன், கீழே வாளியும் வைத்தாயிற்று.