ஆறாவது வரிசையை விட்டு வந்த யானை

(எழுத்து நெடுக்கு வரிசை, எண் கீழிருந்து எண்ணும் குறுக்கு வரிசை.) வெள்ளை: ராஜா சி5, சிப்பாய் டி5, யானை எச்7. கறுப்பு: ராஜா டி8, யானை ஜி6. கறுப்பு ஆட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை ரேபிட் செஸ் போட்டியில் எனக்கும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கும் நடந்த ஆட்டம், கடைசியில் இங்கே வந்து நின்றது. நான் வெள்ளை. மகளை அழைத்துப் போய்விட்டு வெளியே சும்மா உட்கார்ந்திருக்க அலுத்துப்போய், நானும் பெயர் கொடுத்து ஆட ஆரம்பித்தவள். நடுவாட்டத்தில் இந்தப் பிள்ளைகளிடம் நமக்கு வேலையே இல்லை. அதனால் கிடைத்ததையெல்லாம் வெட்டிக் காய்களைக் குறைத்துவிடுவதுதான் என் ஒரே திட்டம். அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

மேலே உள்ள நிலை சுத்தமான டிரா. ஃபிலிடோர் தற்காப்பு என்பார்கள். அந்த ஃபிலிடோர் (1726–1795) பிரான்சில் ஓபராக்களுக்கு இசையமைத்தவரும்கூட. கறுப்பு செய்ய வேண்டியது ஒன்றுதான்: யானையை ஆறாவது வரிசையிலேயே இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருப்பது. வெள்ளை ராஜா முன்னேற முடியாது. சிப்பாயை டி6க்குத் தள்ளினால் வெள்ளை ராஜாவுக்கு ஒளிய இடம் போய்விடும். அப்போது கறுப்பு யானை கீழே இறங்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம்.

பையனுக்குப் பொறுமை இல்லை. சிப்பாய் நகரும் முன்பே யானையை ஜி1க்கு இறக்கினான். நான் உடனே ராஜாவை டி6ல் வைத்தேன். அடுத்து எச்8ல் என் யானை செக் கொடுத்தால், அவன் யானையை ஜி8ல் குறுக்கே போட்டாலும் அதை வெட்டி மேட்.

இந்த ஜி1தான் அவனைக் கவிழ்த்தது என்று வீட்டுக்கு வரும்வரை நினைத்திருந்தேன். மகள் டேபிள்பேஸ் என்ற கணினித் தொகுப்பில் போட்டுக் காட்டினாள். ஏழு காய்கள் வரை எல்லா நிலைகளுக்கும் அதில் முடிந்த முடிவே இருக்கிறது. செஸ் ஆடும் மென்பொருளான எஞ்சின் மாதிரி கணிப்பு இல்லை. ஜி1க்குப் பிறகும் டிராவாம்! யானை திரும்ப ஜி6க்கு ஏறி செக் கொடுத்தால் என் ராஜா இறங்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் கறுப்பு ராஜா சி8க்கு ஒதுங்கலாம். சிப்பாயின் அந்தப் பக்கம் மூன்று கட்டம்தான். ராஜா குறுகிய பக்கம் போய், அகலமான பக்கத்தை யானைக்கு விட வேண்டும் என்பது கணக்கு.

அவன் ராஜாவை இ8ல் வைத்தான். போச்சு. நடுப் பலகையை நோக்கி ராஜாவைக் கொண்டுபோகக் கற்ற யாருக்கும் கை அங்கேதான் போகும். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

எச்8ல் செக் கொடுத்து, சிப்பாயைத் தள்ளி, கடைசியில் என் ராஜா டி8ல், சிப்பாய் டி7ல், கறுப்பு ராஜா ஜி7ல், கறுப்பு யானை சி2ல். இதுதான் வெள்ளை ஜெயிக்கும் லூசெனா நிலை. வேடிக்கை என்னவென்றால், லூசெனாவின் 1497ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இது கிடையாது. 1634ல் சால்வியோ அச்சில் போட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

என் யானையை எஃப்4க்கு நகர்த்தினேன். பையன் நிமிர்ந்து பார்த்தான். அவன் சி1. நான் ராஜா இ7, இ1ல் செக். டி6, டி1ல் செக். இ6, மறுபடி செக். டி5; மறுபடி செக். இப்போது எஃப்4ல் காத்திருந்த யானை டி4க்கு வந்து குறுக்கே நின்றது. செக் தீர்ந்தது, சிப்பாய் ராணியாகப் போகிறது. கை கொடுத்தான்.

“ஆன்ட்டி, யானை நாலாவது வரிசைக்கு ஏன் போச்சுன்னு அப்பவே புரியல. இன்னொரு தடவை வைங்க, இப்ப நான் வெள்ளை” என்றான். வைத்தோம். பாதியிலேயே ஆர்பிட்டர் வந்து, அடுத்த ரவுண்டுக்குப் பலகை வேண்டும், வெளியே போய்ப் பேசுங்கள் என்று எழுப்பிவிட்டார். மீதியைப் படிக்கட்டில் உட்கார்ந்து அவன் பலகையில் ஆடி முடித்தோம். அவனே ஜெயித்தான்.