நரசாபுரத்திலிருந்து வந்த விருந்தாளி

நேற்று எங்கள் சபைக்கு ஆந்திரா நரசாபுரம் பக்கத்திலிருந்து ஓர் ஊழியக்காரச் சகோதரர் வந்திருந்தார். எங்கள் பிரதரன் (சகோதரர்) சபைகளில் சம்பளம் வாங்கும் போதகர் என்று யாரும் கிடையாது, மூப்பர்கள்தான் நடத்துவார்கள், அதனால் வெளியூரிலிருந்து இப்படி யாராவது வந்தால் மனசு அப்படியே நிறைந்துவிடும். அப்பம் பிட்குதல் (திருவிருந்து) முடிந்து தெலுங்கு கலந்த தமிழில் ஒரு மணி நேரம் பேசினார்.

மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். கோதாவரிப் பக்கம் ஊழியம் தொடங்க 1836ல் பௌடன், பியர் என்ற இரண்டு ஆங்கில மிஷனரி குடும்பங்களைக் கூட்டி வந்தது பிரதரன் முன்னோடி அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் என்று பேச்சு வந்தது. எக்ஸெட்டரில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த பல் மருத்துவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1829ல் பாக்தாத் புறப்பட்டு, அங்கே கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்து, 1833ல் இந்தியா வந்த மனிதர். அவரோடு சேர்ந்து உழைத்தவர் நம் திருநெல்வேலிச் சீமையின் அருளப்பன். ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர், சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு கிறிஸ்தியான்பேட்டையில் ஊழியம் செய்தார். இதைச் சொன்னதும் சகோதரர் சாப்பாட்டில் கை வைத்தபடியே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர்கள் சபையும் எங்கள் சபையும் ஒரே வேரில் வந்தவை என்று அதுவரை எனக்கும் இவ்வளவு நெருக்கமாக உறைத்ததில்லை.

சரி, ஒன்று மட்டும் கேட்கிறேன். வருகிற ஊழியக்காரருக்கு பஸ் காசை மட்டும் உறையில் போட்டு அனுப்பாதீர்கள். உட்கார வைத்து அவர் ஊர்களின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். நேற்று எழுதிய ஏழு கிராமங்களின் பெயர் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது, இன்று ராத்திரி ஜெபத்தில் முதல் ஊர்.