அவ்வளவுதானா?

அந்த நேர்காணலில் கேட்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஒன்று மட்டும் மறக்கவில்லை. நான் ஒரு பதில் சொன்னதும் ஆலை மேலாளர் திருப்பிக் கேட்டார்: "அவ்வளவுதானா?"

இந்த மூன்று ஆண்டுகளில் அந்தச் சொல்லை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொல்லிப் பார்த்துவிட்டேன். சலிப்பாக, வியப்பாக, இளக்காரமாக, "இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கெஞ்சுவதைப்போல. அவர் எப்படிச் சொன்னார் என்பதுதான் பிடிபடவில்லை. குரல் காதில் இருக்கிறது, தொனி போய்விட்டது.

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் தர ஆய்வாளராக இருப்பவர்களுக்கு மற்றதையெல்லாம் நான் விளக்கத் தேவையில்லை. பதினோரு ஆண்டுகள் ஒரே கம்பெனி, மாற வேண்டும் என்ற எண்ணம், தெரிந்தவர் மூலமாக ஓர் அழைப்பு.

மேலாளர் கோயம்புத்தூர்க்காரர். முதல் பத்து நிமிடம் ஆங்கிலமும் கன்னடமுமாகப் போயிற்று. விண்ணப்பத்தில், தமிழர்கள் நிறைய வாழும் அல்சூர் முகவரியைப் பார்த்தவர் தமிழுக்கு மாறினார். "சொந்த ஊர் எது தம்பி?" ஆத்தூர்ப் பக்கம் என்றேன். அந்தத் "தம்பி"யிலேயே எனக்குப் பாதி வேலை கிடைத்துவிட்டது.

பிறகு பட்டறைக்கு அழைத்துப் போனார். கணினி இயக்கும் கடைசல் இயந்திரமான சி.என்.சி. லேத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய ஒரு ஷாஃப்டை, அதாவது உருளைத் தண்டை, எடுத்து என் கையில் கொடுத்து, அளந்து சொல்லச் சொன்னார். டிராயிங்கில் 40 மி.மீ., எச்6 என்ற அளவு வரம்பு. அதாவது 40.000க்கு மேல் போகக் கூடாது, 39.984க்குக் கீழே இறங்கக் கூடாது. மைக்ரோமீட்டரை 25 மி.மீ. ஸ்டாண்டர்ட் என்ற அளவுக் கட்டையில் சரிபார்த்துக்கொண்டு மூன்று இடங்களில் அளந்தேன். 40.004. பக்கத்தில் நின்ற உற்பத்திப் பிரிவுத் தலைவர், "ரிஜெக்ட்தானே?" என்றார்.

ஷாஃப்ட் என் உள்ளங்கையில் காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றிபோல இருந்தது.

"இப்போது சொல்ல முடியாது சார். ஆறட்டும்" என்றேன்.

எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் பதினொன்று, பன்னிரண்டு மைக்ரான் விரியும்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 40 மி.மீ. ஷாஃப்ட் அறைச் சூட்டைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுதலாக இருந்தாலே ஐந்து மைக்ரான் காட்டிவிடும். நீள அளவுகளுக்கு 20 டிகிரி செல்சியஸ்தான் ஆதாரம் என்பது 1931லேயே உலக அளவில் முடிவான விஷயம். ஆனாலும் அவசரத்தில் சூட்டோடு அளந்து நல்ல பொருளைத் தள்ளுவதும், கெட்டதை ஏற்பதும் எங்கள் தொழிலில் தினமும் நடக்கிறது.

ஷாஃப்டை ஆய்வு அறைக்குக் கொண்டுபோய் கிரானைட் பிளேட்டின்மேல் வைத்தோம். உற்பத்தித் தலைவர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலாளர் டீ வரவழைத்தார். அரை மணி நேரத்துக்குப் பிறகு அளந்தபோது 39.999. நல்ல ஷாஃப்ட்.

மேலாளர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி பொய்யில்லை. அதை இன்றும் அடித்துச் சொல்வேன். என் தோளில் கை வைத்து ஜன்னலோரம் இருந்த மேசைக்கு அழைத்துப் போய், "இதுதான் உங்கள் இடமாக இருக்கும்" என்றார். எத்தனை நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பிள்ளை எந்தப் பள்ளி என்றெல்லாம் கேட்டார். மனிதவளப் பிரிவிலிருந்து வந்த பெண்மணி கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டை வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு அறைக்குத் திரும்பி உட்கார்ந்தோம். கிட்டத்தட்ட எல்லாம் முடிந்துவிட்ட நேரத்தில்தான் அவர் அதைக் கேட்டார்.

"இப்படி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. மாதக் கடைசி. வண்டி வாசலில் நிற்கிறது. ஷாஃப்ட் நன்றாக ஆறிவிட்டது. கீழ் அளவுக்கும் கீழே ஐந்து மைக்ரான் குறைந்திருக்கிறது. என்ன செய்வீர்கள்?"

"நிறுத்திவிடுவேன் சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

அவர் உற்பத்தித் தலைவரைப் பார்த்துச் சிரித்தார். "கறாரான ஆள்தான்" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். "சரி தம்பி, பார்க்கலாம்." அந்தப் பெண்மணியும் கன்னடத்தில் "நோடோணா" என்றார். இரண்டு மொழியிலும் ஒரே வார்த்தை, இரண்டு மொழியிலும் அதற்கு ஒரே குழப்பம். மறுபடி சந்திக்கலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், யோசிப்போம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் முதலாவதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என் பதிலில் தவறு என்ன? ஒன்றும் இல்லை என்றுதான் பல நாள் எனக்கு நானே வாதாடினேன். அளவு கூடுதலாக இருந்தால் மறுபடி கடைந்து சரிசெய்யலாம். குறைந்துபோனால் உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அனுப்பக் கூடாது. தர ஆய்வாளர் வேறு என்ன சொல்ல வேண்டும்?

ஆனால் அது பாதிப் பதில். நிறுத்த வேண்டும், சிவப்பு அட்டை கட்டித் தனியே எடுத்து வைக்க வேண்டும், வாடிக்கையாளருக்கு உண்மையான அளவை எழுதித் தெரிவிக்க வேண்டும், அவர்களுக்கு அது பயன்படுமானால் எழுத்து மூலம் அனுமதி வாங்கிய பிறகு அனுப்பலாம். டீவியேஷன் என்றும் கன்செஷன் என்றும் நாங்கள் சொல்வது இதைத்தான். தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 தரநிலையின் 2015 பதிப்பில் 8.7ஆம் பிரிவு இந்த வழிகளைத்தான் வரிசையாகச் சொல்கிறது. வாசலில் நிற்கும் வண்டிக்கும் நேர்மைக்கும் நடுவே ஒரு முறையான வழி இருக்கிறது. இது எனக்குத் தெரியாததா? அப்படிப்பட்ட கடிதங்களை என் கையாலேயே எத்தனையோ எழுதியிருக்கிறேன். "அவ்வளவுதானா?" என்று அவர் கேட்டது அந்த மீதிப் பாதியைத்தான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு என்னை அசைத்துப் பார்க்கிறார், அசையக் கூடாது என்று தோன்றியது.

அப்படித் தோன்றியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்த கம்பெனியில் மைக்ரானைப் பேனாவால் திருத்தும் வழக்கம் உண்டு. எப்போதும் இல்லை, மாதக் கடைசியில். அந்த ஆண்டு இரண்டு ஆய்வறிக்கைகளில் கருவி காட்டிய அளவு ஒன்று, எழுதிய அளவு வேறு. இரண்டிலும் இருப்பது என் கையெழுத்து. அங்கிருந்து வெளியேற நான் துடித்ததே அதனால்தான். ஆக, "நிறுத்திவிடுவேன்" என்று அந்த அறையில் சொன்னது நான் செய்து காட்டிய செயலை அல்ல, செய்திருக்க வேண்டியதை. அதில் ஒரு சொல்லைக்கூடச் சேர்த்துத் தளர்த்த எனக்கு மனம் வரவில்லை. அனுமதி, கடிதம் என்று ஆரம்பித்தால் பழைய இடத்தின் வாடை அடித்துவிடுமோ என்று பயந்தேன்.

அவர்கள் தரப்பிலும் குறை இல்லாமல் இல்லை. நாற்காலியைக் காட்டிவிட்டு, பிள்ளையின் பள்ளியை விசாரித்துவிட்டு, சம்பளச் சீட்டையும் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு வைக்கும் கேள்வி தேர்வா, பேச்சுவாக்கில் வந்ததா? வேலை தேடி வந்தவன் எதிரே இருப்பவரின் புருவத்தைக்கூடப் படிக்கிறான். அவனிடம் சிரித்துக்கொண்டே "கறாரான ஆள்" என்றால் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, எச்சரிக்கை என்றா? அவர்களுக்குக் கறாரான ஆள் தேவையா, கறாரானவர் என்று விளம்பரத்தில் எழுதிக்கொள்ள ஓர் ஆள் தேவையா? உற்பத்தித் தலைவர் கடிகாரத்தைப் பார்த்ததும், மேலாளர் டீ சொன்னதும் ஒரே அரை மணி நேரத்தில்தான் நடந்தது. அந்தக் கம்பெனி எது, கடிகாரமா டீயா?

இரண்டு நாளில் சொல்கிறோம் என்றவர்கள் சொல்லவில்லை. "வேண்டாம் என்பதற்காகவா சம்பளச் சீட்டு கேட்பார்கள்?" என்றாள் மனைவி. எட்டாவது நாள் அதே பதவிக்கு மறுபடி விளம்பரம் வந்தது. நான் அவளிடம் காட்டவில்லை. ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. இன்னொன்று எழுதி அனுப்பாமல் வைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் தொலைபேசி வந்தது. அதே பெண்மணி. "இன்னும் விருப்பம் இருக்கிறதா சார்?"

வேலை கொடுக்கிறோம் என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விருப்பம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். யாரோ வரமாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும், பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையது என்று அந்த நொடியில் முடிவு கட்டினேன். பத்தொன்பது நாளும் நெஞ்சில் சேர்ந்திருந்தது அப்படியே வாயில் வந்தது.

"வேறு இடத்தில் முடிவாகிவிட்டது மேடம்."

எந்த இடத்திலும் எதுவும் முடிவாகியிருக்கவில்லை. அவர் ஒரு கணம் பேசாமல் இருந்தார். "அப்படியா... சார் உங்களைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்" என்றார். அது உண்மையா, தொலைபேசியை வைக்கும் முன் சொல்லும் மரியாதையா, தெரியாது. அவர்கள் பேச்சு புரியவில்லை என்று குறைப்பட்டவன், என் விருப்பத்தை அவர்களுக்கு நேர்மாறாகச் சொல்லிவிட்டு வைத்தேன்.

அதன் பிறகு பழைய இடத்தில் நான் எந்த அறிக்கையையும் திருத்தவில்லை. அதைச் சொல்லி ஆறுதல் அடைய நினைத்ததுண்டு. ஆனால் என்னிடம் கொண்டு வருவதை நிறுத்திவிட்டு வேறொருவரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம், போன வாரம் பீன்யா இண்டஸ்ட்ரி மெட்ரோ நிலையத்தில் அந்த மேலாளரைப் பார்த்ததுதான். மாலை நேரக் கூட்டம். அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஆறட்டும் என்று சொன்ன தம்பிதானே?"

எனக்குத் தொண்டை அடைத்தது. நலம் விசாரித்தேன்.

"இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

பொய் சொல்லியிருக்கலாம். கம்பெனியின் பெயரைச் சொன்னேன். விண்ணப்பத்தில் இருந்த அதே பெயர்.

"அங்கேயேவா?" என்றார்.

ரயில் வந்தது. இருவரும் ஏறி ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பீன்யா போயிற்று. கொரகுண்டேபாளையா போயிற்று. அன்றைக்கு எதைக் கேட்டீர்கள் சார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவரும் ஏதோ கேட்கப்போகிறவர்போல இரண்டு முறை என் முகத்தைப் பார்த்தார். யஷ்வந்த்பூரில் கதவு திறந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சரி தம்பி, பார்க்கலாம்" என்று சொல்லி இறங்கினார்.