செம்பு என்றால் எந்தச் செம்பு?

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் 11 வருஷம் இருந்தேன். மாத்திரை எடுத்துக் கொடுப்பது பாதி வேலை. மீதி, நெடுநாள் மருந்து சாப்பிடுகிறவர்களைப் போனில் கூப்பிட்டு எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று விசாரிப்பது. அவர்களில் வில்சன் நோய்க்காரர்கள் ஆறேழு பேர்தான். நான் அதிகம் சறுக்கியது அவர்களிடம்தான்.

சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய் என்பார்கள். உடம்பில் மிஞ்சும் செம்பைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ள வேண்டும். அதற்கான மரபணு பழுதானால் செம்பு கல்லீரலில் தங்கி, அப்புறம் மூளைக்கும் கண்ணுக்கும் போகும். அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் பழுது வந்தால்தான் நோய். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் முடிக்கிற வீடுகளில் அதற்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து 14 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கோழி கிளறின மாதிரி எழுதுகிறாள் என்று பள்ளியில் திட்டு வாங்கியதில் ஆரம்பித்த கதை. கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம். செம்பைச் சிறுநீரோடு வெளியேற்றும் பெனிசிலமைன் என்ற மருந்தை மருத்துவர் எழுதினார். அது உடம்பின் பி6 சத்தைக் குறைக்கும் என்பதால் கூடவே பைரிடாக்சின். நான் வழக்கம்போல ஒப்பித்தேன்: வெறும் வயிற்றில் கொடுங்கள், சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன் அல்லது 2 மணி நேரம் பின். காய்ச்சல், தடிப்பு வந்தாலோ கை நடுக்கம் கூடினாலோ நீங்களாக நிறுத்தாமல் உடனே கூப்பிடுங்கள். ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். செம்புத் தண்ணி வேண்டாம். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டேன்.

"வெறும் வயித்துலதான் சார் குடுக்கேன். காப்பி மட்டும் குடிச்சிருப்பா."

பால் காப்பி. அந்த வீட்டில் காப்பி சாப்பாட்டுக் கணக்கில் வராது. என் வீட்டிலும் வராதுதான், ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை. அதிலிருந்து, "காலையில் எழுந்ததும் முதலில் வாயில் என்ன போகும்?" என்றுதான் எல்லாரிடமும் கேட்டேன். இன்னொன்றும் தெரிந்தது. பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். இரும்பும் பெனிசிலமைனும் ஒன்றாக உள்ளே போனால் மருந்து சரியாக ஏறாது. அதைச் சத்து மாத்திரை என்றுதான் சொல்வார்கள், மருந்து என்று யாரும் எண்ணுவதில்லை. மருத்துவரிடம் கேட்டு, இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி வரும்படி நேரத்தை மாற்றினோம்.

அப்புறம் ஆச்சி போனை வாங்கினார்.

"நீங்க சொன்னபடி வீட்டுல இருக்க செம்பு எல்லாத்தையும் எடுத்துக் கட்டி வச்சிட்டேன் தம்பி. டம்ளர்லதான் பிள்ளைக்குத் தண்ணி."

"தண்ணீர் எதில் பிடித்து வைக்கிறீர்கள் ஆச்சி?"

"எங்க அப்பா சீராக் குடுத்த செப்புக் குடத்துலதான். ராத்திரியே நிறைச்சிருவேன். உடம்புக்கு நல்லதுல்லா!"

கட்டி வைத்த செம்புகள் அத்தனையும் எவர்சில்வர். நம் ஊரில் செம்பு என்றால் தண்ணீர் மொள்ளும் பாத்திரம். எந்த உலோகமானாலும் அது செம்புதான். ராத்திரி முழுக்கச் செப்புக் குடத்தில் கிடந்த தண்ணீரைத்தான் அந்தப் பிள்ளை பத்து நாளும் குடித்திருக்கிறாள். தவறு ஆச்சியுடையதா? நான் சொன்னதை வரி பிசகாமல் செய்தவர் அவர்.

இந்த நோய்க்கு முதலில் இருந்தது வலிக்கிற ஊசிதான். 1956-ல் ஜான் வால்ஷ் என்ற மருத்துவர் பெனிசிலமைனைக் கொண்டுவந்த பிறகே வாய்வழி மருந்து. ஆயுசு முழுக்க எடுக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். களக்காட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவர், உடம்பு தேறிவிட்டது என்று அவராகவே நிறுத்தி, ஏழெட்டு மாதம் கழித்து மஞ்சள் கண்ணோடு வந்தார். அதற்கு மேல் எழுத மனமில்லை. அதன்பின் மாத்திரை வாங்க வராதவர்களின் பட்டியலை மாதக் கடைசியில் நானே எடுத்து உட்கார்ந்தேன்.

அந்தப் பெண்ணின் தம்பிக்கும் பரிசோதனை செய்யச் சொன்னோம். கூடப் பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. நல்ல வேளை, அவனுக்கு இல்லை. அதைச் சொல்லக் கூப்பிட்டபோதும் ஆச்சிதான் எடுத்தார். குடம் பரணுக்குப் போய்விட்டதாம், செம்புகள் கீழே இறங்கிவிட்டனவாம். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஆத்துத் தண்ணி குடிக்கலாம்லா தம்பி? பேரு தாமிரபரணின்னு இருக்கே!"