டோர்செட் பக்கம் போனால்
தெற்கு இங்கிலாந்து போகிறவர்கள் ஸ்டோன்ஹெஞ்சோடு திரும்பிவிடாமல் டோர்செட் வரைக்கும் கட்டாயம் போக வேண்டும். அங்கே லல்வொர்த் கோவ் என்று கிட்டத்தட்ட வட்டமான ஒரு சின்னக் குடா இருக்கிறது. கரையோரத்துக் கெட்டியான சுண்ணாம்புப் பாறையைக் கடல் உடைத்து நுழைந்து, பின்னால் இருந்த இளகிய களிமண்ணை அரித்தெடுத்ததால் வந்த வடிவம் அது. மேற்கே குன்றின் மேல் நடந்தால் டர்டில் டோர் பாறை வளைவு, ஏற்றம் கடுமைதான், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கோர்ஃப் கோட்டை. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மேரி பேங்க்ஸ் சீமாட்டி மன்னர் பக்கம் காத்து நின்ற கோட்டை, 1646-ல் உள்ளிருந்தவர்களே காட்டிக்கொடுத்து விழுந்தது, நாடாளுமன்றம் அதைத் தகர்க்கச் சொல்லிவிட்டது. சாய்ந்து நிற்கும் கோபுரங்களைப் பார்த்துவிட்டு கீழே ஊருக்குள்ளும் நடங்கள், அங்கே பல வீடுகள் அந்தக் கோட்டைக் கல்லிலேயே கட்டியவை. கோடையில் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுவது நல்லது.