ஸ்க்ரம் கொஞ்சம், கான்பன் கொஞ்சம்

மார்ச் 3, 2025, திங்கள்

ஸ்பிரிண்ட் பிளானிங் (அடுத்த இரண்டு வாரச் சுற்றுக்கான வேலையைத் திட்டமிடும் கூட்டம்) முடிந்து இடத்துக்கு வருவதற்குள் புரொடக்‌ஷன் டிக்கெட் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் கோளாறு என்று. மதியத்துக்குள் இன்னும் இரண்டு. இரண்டு வாரத்துக்கு இதுதான் வேலை என்று காலையில் எல்லோரும் தலையாட்டியது வீண். புது வேலையும் பராமரிப்பும் ஒரே அணியின் தலையில் விழும்போது ஸ்க்ரம், அதாவது இப்படி ஸ்பிரிண்ட் ஸ்பிரிண்டாகத் திட்டமிட்டு வேலை செய்யும் முறை, மட்டும் போதாது. வேலைகளைப் போர்டில் கார்டுகளாக வைத்து, ஒரே நேரத்தில் திறந்திருப்பவற்றுக்கு வரம்பு போடும் கான்பனிலிருந்தும் கொஞ்சம் எடுக்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

"பாதி பாதியாகக் கலந்தால் அதை ஸ்க்ரம் என்று சொல்லலாமா?" என்கிறார் மேனேஜர். சொல்லக் கூடாது என்று ஸ்க்ரம் கையேடே சொல்கிறது. சரி, பெயர் வேண்டாம். யூசர் ஸ்டோரியும் (பயனரின் தேவையைச் சுருக்கமாக எழுதுவது) ஸ்டோரி பாயின்ட்டும் (வேலையின் அளவை மதிப்பிடும் எண்) மட்டும் கையேட்டிலா இருக்கின்றன? எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இன்னொரு முறையிலிருந்து, அதாவது எக்ஸ்பி-யிலிருந்து, வந்து ஒட்டிக்கொண்டவைதானே!

மார்ச் 10, திங்கள்

போர்டில் டெஸ்டிங் பத்திக்கு மேல் 3 என்று எழுதியாயிற்று. மூன்று கார்டு நிறைந்தால் டெவலப்பர் புதிதாக எதையும் எடுக்கக் கூடாது. இருப்பதை முடிக்கக் கை கொடுக்க வேண்டும். மதியமே நிறைந்துவிட்டது. "டெஸ்ட் பண்றதும் என் வேலையாக்கா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான் தம்பி ஒருவன். போர்டிலேயே லிட்டில் விதியை (திறந்திருக்கும் வேலையை முடிக்கும் வேகத்தால் வகுத்தால் சராசரிக் காலம்) கணக்குப் போட்டுக் காட்டினேன். வாரத்துக்கு 5 கார்டு முடிக்கும் அணி 15 கார்டைத் திறந்து வைத்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 3 வாரம். அதே வேகத்தில் 10 மட்டும் திறந்திருந்தால் 2 வாரம். முனகிக்கொண்டே ஒரு கார்டை எடுத்துப் போனான்.

மார்ச் 13, வியாழன்

கிளையன்ட்டுக்கு வாரா வாரம் ரிலீஸ் வேண்டுமாம். ஸ்பிரிண்டை ஒரு வாரமாக்கச் சொல்கிறார்கள். இதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. ரிக்ரஷன் டெஸ்ட்டை (புது மாற்றம் பழையதைக் கெடுத்துவிட்டதா என்று பார்க்கும் சோதனை) கையால் ஓட்ட முழுசாக 2 நாள் ஆகிறது. பத்து வேலை நாளில் அது போனால் பொறுக்கலாம், ஐந்தில் போனால்? கென்ட் பெக் 1990-களில் கிறைஸ்லரின் சம்பளப் பட்டியல் புராஜெக்டில் எக்ஸ்பி-யை உருவாக்கியபோது, சின்னச் சின்ன ரிலீஸுக்குத் துணையாகத் தானியங்கி டெஸ்ட்டும் இருந்தது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் உருவ முடியாது. முதலில் பில்லிங் பகுதிக்கு டெஸ்ட் எழுதுகிறோம், அப்புறம் பேசலாம்.

மார்ச் 18, செவ்வாய்

தினசரி ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் ஆளாளுக்கு நேற்றைய கதை சொல்வதை நிறுத்தியாயிற்று. போர்டின் வலது ஓரத்திலிருந்து, அதாவது முடியப்போகும் கார்டிலிருந்து, ஆரம்பிக்கிறோம். கிளையன்ட் ஒப்புதலுக்காகப் போன வாரத்திலிருந்து ஒரு கார்டு அங்கேயே கிடப்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்தது. ஸ்பிரிண்ட் முடிவில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோவைத் தொடவில்லை. எக்ஸ்பி சொல்வதுபோல் ஜோடியாக உட்கார்ந்து புரோகிராம் எழுதுவது இப்போதைக்கு வேண்டாம். பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள், யாரும் கேட்கவும் இல்லை.