டிராக்கிங் கோட் போட்டும் அனலிட்டிக்ஸில் கணக்கு வரவில்லையா? எங்கே அறுந்திருக்கிறது என்று பாருங்கள்

தளத்தில் கூகுள் அனலிட்டிக்ஸ் ஸ்கிரிப்ட் சேர்த்தாயிற்று, ஆனால் ரிப்போர்ட்டில் பூஜ்யம். இந்த நிலையில் பலரும் செய்வது, போட்டதை அழித்துவிட்டு மறுபடி ஒட்டுவது. அதுவும் பலிக்காவிட்டால் இன்னொரு பிளகின். கடைசியில் மூன்று இடங்களில் ஸ்கிரிப்ட் ஓடி, பூஜ்யமாக இருந்த கணக்கு மும்மடங்காகி நிற்கும். பூஜ்யத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மும்மடங்கான கணக்கு உண்மை போலவே இருப்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

ஒரு வருகை ரிப்போர்ட்டுக்குப் போய்ச் சேர நான்கு கட்டங்களைக் கடக்க வேண்டும். பக்கத்தில் ஸ்கிரிப்ட் இருக்க வேண்டும். பிரவுசர் அதை ஓட்ட வேண்டும். அங்கிருந்து கூகுளுக்கு ரிக்வெஸ்ட் போக வேண்டும். போனது சரியான ப்ராப்பர்ட்டியில் (அனலிட்டிக்ஸில் உங்கள் தளத்துக்கென உள்ள பகுதி) வடிகட்டப்படாமல் பதிவாக வேண்டும். எந்தக் கட்டத்தில் அறுந்தது என்று தெரியாமல் எதிலும் கை வைக்காதீர்கள். நான் எப்போதும் மூன்றாவது கட்டத்தில்தான் ஆரம்பிப்பேன். அங்கே பார்த்தால் பிழை முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

கணினியில் குரோமைத் திறந்து உங்கள் தளத்துக்குப் போய் எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் டேப். அதில் 'பிரிசர்வ் லாக்', 'டிஸேபிள் கேஷ்' இரண்டையும் டிக் செய்யுங்கள். ஃபில்டர் பெட்டியில் 'கலெக்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டுப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். கூகுள் அனலிட்டிக்ஸ் டொமைனுக்கு, 'ஜி/கலெக்ட்' என்ற பாதையில் ஒரு வரி வர வேண்டும். அதன் ஸ்டேட்டஸ் 204. பதில் அனுப்ப எதுவும் இல்லை, வாங்கிக்கொண்டேன் என்பதுதான் 204. அதைப் பிழை என்று நினைத்துப் பயப்படாதீர்கள். நிகழ்வுகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் வழக்கமும் இந்த ஸ்கிரிப்டுக்கு உண்டு என்பதால் சில விநாடிகள் பொறுத்துப் பாருங்கள்.

வரி வந்துவிட்டால் அதைச் சொடுக்கி 'பேலோட்' பகுதியைத் திறக்கவும். 'டிஐடி' என்ற இடத்தில் உள்ள எண்தான் அளவீட்டு ஐடி. அது 'ஜி' என்ற எழுத்தும் ஒரு சிறுகோடுமாக ஆரம்பிக்கும். உங்கள் அனலிட்டிக்ஸ் கணக்கில் அட்மின், டேட்டா ஸ்ட்ரீம்ஸ் என்று போனால் தெரியும் ஐடியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஓ என்ற எழுத்தும் பூஜ்யமும் இடம் மாறியிருப்பதைக் கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம். இரண்டையும் நோட்பேடில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிப் பாருங்கள். 'ஈஎன்' என்பது நிகழ்வின் பெயர். முதல் வரியில் அது 'பேஜ்_வியூ' ஆக இருக்க வேண்டும். 'டிஎல்' என்பது பக்கத்தின் முகவரி.

ரிக்வெஸ்டே போகவில்லையா? அப்படியானால் அனலிட்டிக்ஸ் ரிப்போர்ட் பக்கமே போகாதீர்கள். பிழை உங்கள் தளத்தில் அல்லது உங்கள் பிரவுசரில்.

முதலில் பிரவுசரைச் சந்தேகப்படுங்கள். யூபிளாக் ஆரிஜின் போன்ற விளம்பரத் தடுப்பான் இருந்தால் அனலிட்டிக்ஸும் சேர்ந்தே தடைபடும். பிரேவ் பிரவுசர் எதையும் நிறுவாமலேயே தடுக்கும். ஃபயர்ஃபாக்ஸ் 'ஸ்ட்ரிக்ட்' அமைப்பிலும் தனிப்பட்ட சாளரத்திலும் தடுக்கும். எஃப்12 திரையின் கன்சோல் டேபில் 'பிளாக்டு பை கிளையன்ட்' என்று சிவப்பில் வந்தால் காரணம் இதுதான்; தளத்தில் திருத்த ஒன்றுமில்லை. எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாத புது குரோம் ப்ரொஃபைலில் சோதியுங்கள். வாசகர்களில் ஒரு பகுதியினரும் இப்படித் தடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள், அவர்கள் கணக்கில் வரவே மாட்டார்கள். அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடுவதை நான் ஆதரிக்கவில்லை. எண்ணப்பட வேண்டாம் என்பது அவர்கள் எடுத்த முடிவு.

சுத்தமான பிரவுசரிலும் போகவில்லை என்றால் கண்ட்ரோல்+யூ அழுத்திப் பக்கத்தின் மூலத்தைப் பாருங்கள். எஃப்12 காட்டும் எலிமென்ட்ஸ் பகுதியை அல்ல. மூலம் என்பது சர்வர் அனுப்பியது. எலிமென்ட்ஸ் என்பது ஸ்கிரிப்டுகள் எல்லாம் ஓடி முடித்த பிறகு உள்ள நிலை. மூலத்தில் உங்கள் ஐடியைத் தேடுங்கள். டேக் மேனேஜர் (ஸ்கிரிப்டுகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கூகுள் கருவி) வழியாகப் போட்டிருந்தால் அளவீட்டு ஐடி அங்கே இருக்காது, 'ஜிடிஎம்' என்று தொடங்கும் கண்டெய்னர் ஐடிதான் இருக்கும்.

மூலத்தில் இல்லாமல் போக வழக்கமான காரணம் கேஷ். ஸ்கிரிப்டைச் சேர்ப்பதற்கு முன் சேமித்த பழைய பக்கத்தையே கேஷ் பிளகினோ சிடிஎன்னோ (பக்கத்தின் நகலைப் பல ஊர்களிலிருந்து வழங்கும் சர்வர் வலை) பரிமாறிக்கொண்டிருக்கும். லாகின் செய்த நிர்வாகிக்குப் பெரும்பாலும் கேஷ் இல்லாத பக்கம் போவதால் உங்களுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், வாசகருக்குத் தெரியாது. அதனால் லாகின் செய்யாமல் சோதிக்க வேண்டும். வேர்ட்பிரஸில் தீமின் ஹெடர் கோப்பில் நேரடியாக ஒட்டியிருந்தால், தீம் அப்டேட் ஆன அன்றே அது துடைக்கப்பட்டுவிடும். சைல்ட் தீமில் (மூலத் தீம் அப்டேட் ஆனாலும் மாறாத துணைத் தீம்) போடுங்கள், அல்லது அதற்கென உள்ள பிளகினில்.

பிளாகரில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று. அமைப்புகளில் அளவீட்டு ஐடிக்கு ஒரு பெட்டி இருக்கிறது. அதில் போட்டால் போதும் என்றுதான் இருக்கும். ஆனால் அந்த ஐடியைப் பக்கத்துக்குள் கொண்டுவரும் 'பி:இன்க்ளூட்' வரி டெம்ப்ளேட்டில் இருந்தால்தான் அது வேலை செய்யும். வெளியிலிருந்து இறக்கிய டெம்ப்ளேட்டுகளில் பல நேரம் இந்த வரி இருக்காது. அப்போது தீம் எடிட்டரில் ஹெட் டேகுக்குள் முழு ஸ்கிரிப்டையும் நீங்களே ஒட்டலாம். ஒட்டினால் அமைப்புப் பெட்டியைக் காலியாக்கிவிடுங்கள். பழைய டெம்ப்ளேட்டுகளில் 'யூஏ' என்று தொடங்கும் ஐடி இன்னும் உட்கார்ந்திருக்கும். அது பழைய பதிப்பான யூனிவர்சல் அனலிட்டிக்ஸின் ஐடி. அந்தப் பதிப்பு 2023 ஜூலை 1 அன்றே புதிய தரவு வாங்குவதை நிறுத்திவிட்டது. அந்த வரிகளை எடுத்துவிடலாம்.

மூலத்தில் ஸ்கிரிப்ட் இருக்கிறது, ரிக்வெஸ்ட் மட்டும் போகவில்லை என்றால் கன்சோலைப் பாருங்கள். 'இன்வேலிட் ஆர் அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்' என்று பிழை இருந்தால் மேற்கோள்குறிகளைப் பாருங்கள். வாட்ஸாப்பிலோ வேர்டிலோ வந்த ஸ்கிரிப்டை ஒட்டினால் நேர் மேற்கோள்குறி வளைந்த குறியாக மாறியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஜாவாஸ்கிரிப்டுக்கு அப்படி இல்லை. கூகுளின் பக்கத்திலிருந்தே நேராகக் காப்பி செய்யுங்கள். 'டேட்டாலேயர்' என்ற பெயரின் நடுவில் வரும் எல் பெரிய எழுத்து. அதை எல்லா இடத்திலும் சிறியதாக்கினால் பிழைச் செய்தி எதுவும் வராமல் அமைதியாக நின்றுபோகும். 'கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி' (எந்த டொமைன்களோடு பக்கம் பேசலாம் என்று சர்வர் விதிக்கும் பட்டியல்) என்று கன்சோல் முறையிட்டால் சர்வர் ஹெடரில் டேக் மேனேஜர் டொமைனை 'ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சி' பட்டியலிலும், அனலிட்டிக்ஸ் டொமைனை 'கனெக்ட்-எஸ்ஆர்சி' பட்டியலிலும் சேர்க்க வேண்டும். முதலாவதை மட்டும் சேர்த்தால் ஸ்கிரிப்ட் இறங்கும், தரவு வெளியே போகாது.

டேக் மேனேஜரில் 'எனக்கு வேலை செய்கிறது, ரிப்போர்ட்டில் இல்லை' என்பவர்கள் பப்ளிஷ் பொத்தானை அழுத்தினார்களா என்று பார்க்க வேண்டும். பிரிவ்யூவில் ஓடுவது உங்கள் பிரவுசருக்கு மட்டும்.

இன்னொரு தொல்லை வேக பிளகின்கள். ஜாவாஸ்கிரிப்டைத் தாமதப்படுத்தும் வசதி அவற்றில் இருக்கும். வாசகர் திரையைத் தொடும்வரை அல்லது நகர்த்தும்வரை எந்த ஸ்கிரிப்டும் ஓடாது. நீங்கள் சோதிக்கும்போது எலியை அசைத்துவிடுவீர்கள், எல்லாம் சரியாக ஓடும். பக்கத்தைத் திறந்து, தொடாமலே மூடிப்போன வாசகர் மட்டும் கணக்கில் விழமாட்டார். வேக மதிப்பெண் ஏறிய அதே நாளில் வருகை சரிந்தது என்றால் முதலில் இதைப் பாருங்கள். விலக்குப் பட்டியலில் 'ஜிடேக்', 'டேட்டாலேயர்', 'கூகுள்டேக்மேனேஜர்' மூன்றையும் ஆங்கிலத்தில் சேர்த்து, கேஷைத் துடைத்துவிட்டு, ரீலோட் செய்தபின் எலியைத் தொடாமல் நெட்வொர்க் டேபைப் பாருங்கள்.

ரிக்வெஸ்ட் 204 வாங்கிக்கொண்டு போகிறது, ஐடியும் சரி, ஆனாலும் ரிப்போர்ட் காலி. இது நான்காவது கட்டம். ரியல்டைம் ரிப்போர்ட் கடைசி 30 நிமிடத்தைக் காட்டும். மற்ற ரிப்போர்ட்டுகள் முழுமையாக 24 முதல் 48 மணி நேரம் ஆகும். இன்று காலை போட்டுவிட்டு மாலையில் பதறத் தேவையில்லை. ரியல்டைமிலும் இல்லை என்றால் அட்மினில் டேட்டா ஃபில்டர்ஸைத் திறக்கவும்.

உங்கள் சொந்த வருகையை விலக்கும் 'இன்டர்னல் டிராஃபிக்' ஃபில்டர் ஐபி முகவரியை நம்பியது. மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபிவி4 (பழைய வகை ஐபி) முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள். அதை விலக்கினால் உங்களோடு முகம் தெரியாத பலரும் விலகுவார்கள். மறுபக்கம், ஐபிவி4 முகவரியை விதியில் எழுதிவிட்டு, பிரவுசர் ஐபிவி6 (புதிய வகை) வழியாகப் போனால் ஃபில்டர் உங்களைப் பிடிக்கவே பிடிக்காது. வீட்டு பிராட்பேண்டின் முகவரியும் மாறிக்கொண்டே இருக்கலாம். 'ஆக்டிவ்' நிலையில் உள்ள ஃபில்டர் விலக்கிய தரவைத் திரும்பப் பெற வழியே கிடையாது. அதனால் சில நாட்கள் 'டெஸ்டிங்' நிலையில் ஓடவிட்டு, யார் சிக்குகிறார்கள் என்று பார்த்தபின் ஆக்டிவ் ஆக்குங்கள்.

சோதனை வருகையை விலக்கும் 'டெவலப்பர் டிராஃபிக்' ஃபில்டரில் இன்னும் நுட்பமான ஒரு பொறி. சோதனைக்காக 'டீபக்_மோட்' என்ற அளவுருவை (நிகழ்வோடு சேர்த்து அனுப்பும் கூடுதல் தகவல்) சேர்த்து, முடிந்ததும் அதன் மதிப்பை 'ஃபால்ஸ்' என்று மாற்றினால் அணைந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. அணையாது. அந்த அளவுருவையே நீக்கினால்தான் அணையும். ஃபில்டர் ஆக்டிவாக இருந்தால் தளத்தின் மொத்த வருகையும் டீபக்வியூ என்ற சோதனைத் திரையில் ஓடிக்கொண்டிருக்கும், ரிப்போர்ட்டில் ஒன்றும் இருக்காது.

ஐரோப்பிய வாசகர்களுக்காகக் குக்கீ அனுமதிப் பட்டை வைத்திருப்பவர்கள் அதே பேலோடில் 'ஜிசிஎஸ்' மதிப்பைப் பார்க்க வேண்டும். அனுமதி எல்லாம் மறுக்கப்பட்டிருந்தால் 'ஜி100', எல்லாம் தரப்பட்டிருந்தால் 'ஜி111'. கடைசி எண்தான் அனலிட்டிக்ஸுக்கானது. 'ஏற்கிறேன்' என்று அழுத்திய பிறகும் 'ஜி100' என்றே வந்தால், பட்டை தன் முடிவை கூகுள் ஸ்கிரிப்டுக்குச் சொல்லவில்லை. அனுமதியின் தொடக்க நிலையைச் சொல்லும் வரி, அனலிட்டிக்ஸ் 'கான்ஃபிக்' வரிக்கு முன்னால் வர வேண்டும். இடம் மாறினால் அனுமதி கேட்பதற்கு முன்பே தரவு போய்விடும். அது எண்ணிக்கைப் பிழையைவிடப் பெரிய தவறு.

இரட்டைக் கணக்குக்கு வருவோம். நெட்வொர்க் டேபில் ஒரே ரீலோடுக்கு ஒரே 'டிஐடி' உடன் இரண்டு 'பேஜ்_வியூ' போகிறதா? தீமில் ஒன்று, பிளகினில் ஒன்று, டேக் மேனேஜரில் ஒன்று என்று இருக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுங்கள். ரிப்போர்ட்டை வைத்தே இதை மோப்பம் பிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு அமர்வு 10 விநாடிக்கு மேல் நீடித்தாலோ, முக்கிய நிகழ்வு ஒன்று நடந்தாலோ, இரண்டு பக்கப் பார்வை இருந்தாலோ அதை 'ஈடுபாடுள்ள அமர்வு' என்று ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பு) கணக்கிடும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு முறை எண்ணப்பட்டால் ஒரே விநாடியில் ஓடிப்போனவரும் ஈடுபாடுள்ளவர் ஆகிவிடுவார். ஈடுபாட்டு விகிதம் திடீரென்று 100 சதவீதத்தை ஒட்டி நின்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள், எஃப்12 அழுத்துங்கள். பக்கம் மாறாமல் முகவரி மட்டும் மாறும் தளங்களில் இதே கோளாறு வேறு வழியில் வரும். ஜிஏ4 தானாக அளக்கும் 'என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட்' வசதி பிரவுசர் ஹிஸ்டரி மாற்றத்தைப் பார்த்து ஒரு பார்வையை அனுப்பும், நீங்கள் எழுதிய டிரிக்கர் இன்னொன்றை அனுப்பும். இரண்டில் ஒன்றை அணையுங்கள்.

விற்பனைத் தளங்களில், வாங்கியவர்கள் எல்லாம் பேமென்ட் கேட்வேயிலிருந்து வந்தவர்களாகத் தெரிந்தால், டேக் அமைப்புகளில் உள்ள 'அன்வான்டட் ரெஃபரல்ஸ்' பட்டியலில் அந்த டொமைனைச் சேர்க்க வேண்டும். யூபிஐ செயலியில் பணம் கட்டிவிட்டு பிரவுசருக்குத் திரும்பாமலே போகிறவர்களுக்கு நன்றிப் பக்கம் திறக்காது, விற்பனை பதிவாகாது. இதை எந்த டேக் திருத்தமும் சரிசெய்யாது. ஆர்டர் எண்ணிக்கையைச் சர்வரிலிருந்து எடுங்கள்.

தமிழில் முகவரி வைக்கிற நம் வலைப்பதிவுகளுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று மிச்சம். முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். சதவீதக் குறியோடு எழுதும்போது 9 எழுத்து. 'கி' என்பதே இரண்டு குறியீடு ('க' ஒன்று, இகரக் குறி ஒன்று), ஆக 18. வேர்ட்பிரஸ் பதிவின் முகவரித் துண்டை 200 எழுத்தில் நிறுத்துவதால் சுமார் 22 குறியீட்டோடு தலைப்பு வெட்டுப்படும். தொடர் கட்டுரைகளின் தலைப்புகள் ஒரே மாதிரி தொடங்கினால் முகவரிகள் கடைசி எண்ணில் மட்டுமே வேறுபடும், ரிப்போர்ட்டில் எது எதுவென்று தெரியாது. ஜிஏ4 பக்க முகவரிக்கு 1000 எழுத்தும் தலைப்புக்கு 300 எழுத்தும் இடம் தருகிறது. ஆனால் நீங்களே உருவாக்கும் அளவுருவுக்கு 100தான். அதில் தமிழ் முகவரியை அனுப்பினால் 11 குறியீட்டோடு அறுந்துவிடும். தமிழ்ப் பதிவுகளுக்கு ரிப்போர்ட்டைப் பக்கத் தலைப்பை வைத்துப் பாருங்கள், அளவுருவாக அனுப்புவதானால் பதிவின் எண்ணை அனுப்புங்கள்.

நேர மண்டலத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ப்ராப்பர்ட்டி லாஸ் ஏஞ்சலஸ் நேரத்தில் இருந்தால் அதன் நாள் நமக்குப் பகல் 12.30க்குத் தொடங்கும், அங்கே குளிர்காலம் என்றால் 1.30க்கு. காலையில் போட்ட பதிவின் வருகை முந்தைய தேதியில் விழுவது இதனால்தான். அட்மினில் ப்ராப்பர்ட்டி விவரங்களில் இந்திய நேரத்துக்கு மாற்றலாம். மாற்றம் அன்றிலிருந்துதான், பழைய தரவு இருந்தபடியே இருக்கும்.